ஏழாவது வரியில் பூ இல்லை

காலை 7.10.

போர்வை தொட்டியின் அடியில் கிடந்தது.

அது ஒரு திருக்கை. அந்த மீன்காட்சியகத்திலேயே பெரிய மீன். அது நீந்தும்போது யாரோ தண்ணீருக்குள் ஒரு போர்வையை மெல்ல உதறி விரிப்பதுபோல் இருக்கும். அதனால் அந்தப் பெயர். இன்று உதறிய கை பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டது போலிருந்தது. காற்றுக் குழாயின் குமிழிகள் பட்டு, மீனின் ஓர் ஓரம் மட்டும் எழும்பி எழும்பி அடங்கியது. உயிர் இருக்கிறது என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

முதலில் பார்த்தவன் முக்குளி. தொட்டிகளில் இறங்கி மீன்களுக்குத் தீனி கொடுப்பதும் கண்ணாடியில் பாசி துடைப்பதும் அவன் வேலை. அவனுடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை. போட்டிருந்த சட்டையோடு அவன் தண்ணீரில் குதித்தான்.

7.40-க்கு மேனேஜருக்குப் போன் போனது. 8.00-க்கு அவர் வந்தார். 8.15-க்குத் தண்ணீரைச் சோதித்தார்கள். அதில் தாமிர மருந்து கலந்திருந்தது. சின்ன மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயை அந்த மருந்து அடக்கிவிடும். திருக்கைக்கு அது விஷம். அங்கே தரை துடைக்கிறவர்களுக்குக்கூட இது தெரியும்.

தண்ணீரில் மருந்து கலக்கிறவர் ஒரே ஒருவர்தான். தண்ணிக்காரர்.

காலை 8.30. அலுவலக அறை.

அந்த அறையின் ஒரு சுவர் ஒரு தொட்டியின் முதுகு. அதனால் பகல் முழுக்கக் கூரையில் தண்ணீரின் நிழல் ஆடிக்கொண்டிருக்கும். கீழே பேசுகிறவர்கள் எவ்வளவு கத்தினாலும் எங்கோ ஆழத்தில் பேசுவதுபோல் கேட்கும்.

"பெரியவரே, நேத்து எந்தத் தொட்டிக்கு மருந்து விட்டீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"நாலுக்கு சார்."

"தாள்ல என்ன போட்டிருந்துச்சு?"

"நாலுன்னுதான்."

"நாலுன்னுதானா! இந்தாங்க. இப்பதான் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தேன், சூடு ஆறல. ஏழாவது வரியைப் படிங்க."

தண்ணிக்காரர் தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஆள்காட்டி விரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஐந்து, ஆறு என்று நின்று நின்று வந்த விரல், ஏழில் நிற்காமல் எட்டுக்கு வழுக்கியது. மீண்டும் மேலே ஏறியது. மீண்டும் வழுக்கியது.

"ஏழு, ஏழு! எட்டுல என்ன தேடறீங்க?"

"கண்டுபிடிச்சிட்டேன் சார்." விரலை அந்த வரிமேல் அழுத்திப் பிடித்தார். "மூணு."

"மூணு. நீங்க விட்டது?"

"நாலு."

"நேத்து எடுத்துட்டுப் போன தாள் எங்க?"

தண்ணிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. "குழாய் ரூம்ல எல்லாமே நனையும் சார். வேலை முடிஞ்சா எப்பவும் இப்படித்தான் ஆகும்."

நடந்தது இதுதான். நேற்று மதியம் வரை போர்வை மூன்றாம் தொட்டியில் இருந்தது. நோயுள்ள மஞ்சள் மீன்கள் நான்காம் தொட்டியில் இருந்தன. முக்கியமான விருந்தினர்கள் வருகிறார்கள், போர்வையைப் பெரிய கண்ணாடியில் காட்ட வேண்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டார். மாலை நான்கு மணிக்கு முக்குளி இரண்டையும் இடம் மாற்றினான். மீன் டாக்டர் வழக்கம்போல மதியமே கம்ப்யூட்டரில் மருந்துத் தாளை அடித்து வைத்துவிட்டு, ஒரு மணிக்குத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். ஐந்து மணிக்குத் தண்ணிக்காரர் தாளை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய வேலை சுவர்களுக்குப் பின்னால், குழாய்களோடு. எந்தத் தொட்டியில் எந்த மீன் என்று அவர் பார்ப்பதில்லை. தாள் சொல்லும் எண்ணுள்ள குழாயைத் திறப்பார், அவ்வளவுதான்.

"மீனை மாத்தப்போறோம்னு டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லச் சொன்னேன்," என்றார் மேனேஜர். "முக்குளி, சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் சார்." அவன் தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"கேட்டீங்களா? அதான் மனுஷன் சரியா மூணுன்னு அடிச்சு வெச்சுட்டுப் போயிருக்காரு. அவரையே கேக்கலாம்னா, கப்பல்ல இருக்காரு. ஒன்பது நாளைக்குப் போன் எடுக்காது." மேனேஜர் மேசையிலிருந்த உப்புக்கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம் இங்க இருந்திருக்கீங்க. அஞ்சு மாசத்துல மாலை போட்டு அனுப்பியிருப்போம். இப்ப வேலையை விட்டு நிறுத்தற கடிதம்தான் கொடுக்க முடியும். அஞ்சு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

தண்ணிக்காரர் தன் வலது கையை விரித்து விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மடக்கினார்.

"நானேதான் தப்பாப் படிச்சிருப்பேன் போல சார்," என்றார்.

அறையின் மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தொட்டிகளுக்கு வெளியே மாட்டும் பலகைகளை எழுதுகிறவள். மீனின் பெயர், அதன் ஊர், அது என்ன தின்னும் என்பது. 'பலகை' என்று கூப்பிடுவார்கள். நான்கு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். தண்ணிக்காரர் அவளுடைய அப்பா. முக்குளி அவளுடைய கணவன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. அப்பாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏன் ஏழில் நிற்கவில்லை?

காலை 11.00.

மேனேஜர் சுற்றிப் பார்க்கப் போனதும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அலுவலகத்துக்கு இருப்பது அந்த ஒன்றுதான். எல்லோரும் அதில்தான் அடிப்பார்கள், யாருக்கும் தனிக் கடவுச்சொல் கிடையாது.

கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம்: காலை 8.25. அதனால் எந்தப் பயனும் இல்லை. மேனேஜர் எதைத் திறந்தாலும் சேமிக்கும் பொத்தானை நாலு முறை தட்டாமல் மூடமாட்டார்.

விரல் நுனியில் எதுவோ நறநறத்தது. சில பொத்தான்களின் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. மேனேஜரின் கடலைத் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீண்டும் பொத்தான்களைப் பார்த்தாள். எண்ணெய்ப் பசை இல்லாத, காய்ந்த உப்பு. அதிகமாக இருந்தது மேல் வரிசையில், எட்டாம் எண் பொத்தானில். நட்சத்திரக் குறியும் அதே பொத்தானில்தான் இருக்கிறது.

கோப்பைத் திறந்தாள்.

அவர்கள் எல்லோரும் வெறும் எழுத்து மட்டும் தெரியும் ஒரு சாதாரண எடிட்டரில்தான் அடிப்பார்கள். ஒரு சொல் தாளில் தடித்த எழுத்தாக வரவேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரம் வைக்க வேண்டும். அச்சாகும்போது நட்சத்திரம் மறைந்து சொல் கறுத்துவிடும். தொட்டியின் பெயரை மேற்கோள் குறிக்குள் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

பன்னிரண்டு வரிகள். டாக்டர் பதினோரு வரிகளில் இப்படி அடித்திருந்தார்:

**"ஆறாம் தொட்டி"**யில்

ஏழாவது வரி மட்டும் இப்படி இருந்தது:

"**மூன்றாம் தொட்டி**"யில்

டாக்டருக்கு நட்சத்திரம் வெளியே, மேற்கோள் உள்ளே. ஏழாவது வரியில் மேற்கோள் வெளியே, நட்சத்திரம் உள்ளே. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று யாரும் கேட்பார்கள். அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு அவளுடைய பலகைகளில் நட்சத்திரங்கள் அப்படியே அச்சாகி வந்து, வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு பக்கம் மேற்கோள் குறி, மறுபக்கம் இடைவெளி விடாமல் ஒட்டிய எழுத்து. நடுவில் மாட்டிய நட்சத்திரம் அங்கே முடிகிறதா, தொடங்குகிறதா என்று கம்ப்யூட்டருக்குப் புரிவதில்லை. புரியாததை அப்படியே தாளில் கொட்டிவிடும். நட்சத்திரத்தை உள்ளே தள்ளி எழுத்தை ஒட்டி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கண்டுபிடித்ததை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

கூரையில் ஒரு மீனின் நிழல் அவள் தலைக்கு மேல் போனது. அவள் அந்த ஏழாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளே எழுதியது போலிருந்தது. தூக்கத்தில் எழுந்து வந்து எழுதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டோமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பகல் 12.20. குழாய் அறை.

"அப்பா, டாக்டர் தாளை எப்படிப் படிப்பீங்க?"

"கண்ணாலதான். இல்ல, இனிமே கண்ணாலன்னு சொல்லக்கூடாது."

"விளையாடாதீங்கப்பா."

"பூவைப் பார்த்துப் படிப்பேன். அவரு தொட்டிப் பேருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பூ போடுவாரு. எழுத்து மங்கலா இருந்தாலும் பூ பளிச்சுனு தெரியும். பூவுக்கு நடுவுல என்னவோ, அதான் தொட்டி. எல்லாத்துலயும் இந்த மாதிரி ஒரு ரசனை அந்த மனுஷனுக்கு."

அவருக்கு அது ரசனை. டாக்டர் அச்சான தாளை ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் வரிகளில் பூ பூத்திருப்பது அவருக்கே தெரியாது.

"நேத்துத் தாள்ல எல்லா வரியிலயும் பூ இருந்துச்சா?"

"எண்ணித்தானே வேலை பாக்கறேன். பன்னெண்டு வரி, பன்னெண்டு குழாய். எல்லாத்துலயும் இருந்துச்சு."

"காலையில மேனேஜர் கொடுத்த தாள்ல?"

அவர் ஒரு குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "ஏழுல பூவே தெரியலம்மா. ரெண்டு தடவை தேடினேன். கண்ணு போச்சுன்னு அப்பதான் நானே முடிவு பண்ணேன். சார்கிட்ட அதைச் சொன்னா இன்னும் அசிங்கம்."

பகல் 1.15. முக்குளி உடை மாற்றும் அறை.

சுவரில் மீன் தீனிப் பட்டியல் ஒட்டியிருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவனே அடிப்பது. ஒவ்வொரு மீனின் பெயரும் மேற்கோளுக்குள் கறுப்பாக, சுத்தமாக, நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. பக்கத்தில் மேனேஜர் ஒட்டிய அறிவிப்பு: கதவை மூடவும்!!!! அவருக்கு நட்சத்திரமெல்லாம் தெரியாது. அழுத்திச் சொல்ல ஆச்சரியக்குறிதான். போதாவிட்டால் பேனாவால் கோடு.

"காலையில கம்ப்யூட்டரை யார் தொட்டாங்க?" என்று கேட்டாள்.

"மேனேஜர்தான். உன் கண்ணு முன்னாடிதானே எடுத்தாரு."

"அதுக்கு முன்னாடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் தண்ணிக்குள்ள இருந்தேன்."

"7.10-ல இருந்து 7.40 வரைக்குமா?"

"அதைக் காப்பாத்த முடியுமான்னு பார்த்தேன். சுத்தமான உப்புத் தண்ணியில போட்டு அசைச்சு அசைச்சுப் பார்த்தேன். நீ என்ன போலீஸா?"

"சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

அவன் கை துடைக்கும் துண்டை மடித்து, பிரித்து, மீண்டும் மடித்தான்.

"அப்பா அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடப்போறாரு," என்றாள்.

"தெரியும்," என்றான்.

மாலை 3.00.

அவள் நான்காம் தொட்டியின் முன்னால் நின்றாள். தொட்டி காலி. தண்ணீர் மட்டும் நீலமாக, தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. விருந்தினர்கள் வந்து, கண்ணாடியைப் பார்த்து, இந்த நீலம்தான் காட்சி என்று நினைத்து, அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடியில் அவளுடைய முகமும், பின்னால் போகிறவர்களின் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்தன. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு முகம் சொன்னது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தீனிப் பட்டியல் அதே மேசையில் அச்சாகும். ஆனால் அப்பா சாகிற வரைக்கும் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாலை 4.50. அலுவலக அறை.

கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. தண்ணிக்காரர் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். முக்குளி கதவோரம் நின்றான்.

"சார்," என்றாள் பலகை. காது மடல் சிவந்துவிட்டது. அவள் யாரையும் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசினாள். "ஒரு வரி. நீங்களும் அவரும் ஆளுக்கு ஒரு தடவை அடிச்சுக் காட்டணும்."

"என்னம்மா இது, பரீட்சையா?"

"ஆமா சார்."

அவள் 'ஆமா' என்று சொன்னதே அவருக்கு ஆச்சரியம். உட்கார்ந்தார். 'ஐந்தாம் தொட்டியில் மருந்து விடவும், தொட்டிப் பெயர் அழுத்தமாக' என்று அவள் சொல்ல, அவர் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தார். ஐந்தாம் தொட்டியில்!!! மருந்து விடவும்!!!

"போதும் சார். இப்ப நீங்க வாங்க," என்றாள், திரும்பாமல்.

முக்குளி வந்து உட்கார்ந்தான். விரல்கள் பொத்தான்மேல் போயின. விரல்களுக்குப் பழக்கம் இருந்தது, யோசிக்காமல் தொடங்கிவிட்டன. முதலில் மேற்கோள் குறி. அடுத்து ஒரு நட்சத்திரம். இன்னொரு நட்சத்திரம்.

அங்கே நின்றுவிட்டன.

அறையில் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் திரையில் தான் அடித்த மூன்று குறிகளையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நிறுத்திட்டியே, ஏன்?" என்றார் மேனேஜர். "என்னம்மா நடக்குது இங்க?"

"டாக்டர் நட்சத்திரத்தை வெளியே போடுவாரு சார். அது தாள்ல அப்படியே பூ மாதிரி வரும். அப்பா அதைப் பார்த்துத்தான் படிப்பாரு. நேத்துத் தாள்ல பன்னெண்டு வரியிலயும் பூ இருந்துச்சு. நீங்க காலையில எடுத்த தாள்ல ஏழாவது வரியில மட்டும் பூ இல்ல. பாருங்க." தாளை நகர்த்தினாள். "அப்படின்னா, அப்பா எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் யாரோ அந்த வரியை மாத்தியிருக்காங்க. மாத்தினவங்க நட்சத்திரத்தை உள்ளே போட்டிருக்காங்க. உங்களுக்கு நட்சத்திரமே தெரியாது. இந்த முறை தெரிஞ்சது இங்க ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான்."

அவள் மூச்சு வாங்கினாள்.

"இன்னொருத்தருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்க வீட்டு மேசையில. பொத்தான்ல காய்ஞ்சிருக்கிறது கடலை உப்பு இல்ல சார், தொட்டியோட உப்புத் தண்ணி. 7.10-க்கும் 7.40-க்கும் நடுவுல, நனைஞ்ச கையோட வந்து உட்கார்ந்திருக்காரு. வரியை மாத்தினது என் வீட்டுக்காரர்தான்."

மேனேஜர் வாயிலிருந்த கடலையை மெல்லவும் மறந்துபோனார்.

"டாக்டரைத் தேடித்தான் போனேன்," என்றான் முக்குளி. குரல் கூரையில் ஆடும் நிழலிடம் பேசுவதுபோல் இருந்தது. "போறதுக்குள்ள கிளம்பிட்டாரு. சரி, நானே வரியை மாத்திடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள போர்வையை இறக்கற நேரம் வந்துடுச்சு. அந்தப் பெரிய தொட்டியில அது முதல் தடவையா முழுசா ஒரு சுத்து திரும்புச்சு. அதுவரைக்கும் அதுக்குத் திரும்ப இடமே இருந்ததில்ல. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். மணி ஆறாச்சு. வீட்டுக்கு வந்துட்டேன். வரி ஞாபகமே வரல. காலையில பார்த்தப்பதான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்குடா வரியை மாத்தின?" என்று கேட்டார் மேனேஜர்.

"பயந்துட்டேன் சார். என்னை இனிமே தண்ணியில இறக்க மாட்டீங்கன்னு. மாமாவுக்கு எப்படியும் இன்னும் அஞ்சு மாசம்தானேன்னு..."

தண்ணிக்காரர் மேசையருகே வந்தார். காலைத் தாளை எடுத்து ஏழாவது வரிமேல் விரலை வைத்தார்.

"அப்போ நேத்து நான் சரியாத்தான் படிச்சேன்?" என்று மகளைக் கேட்டார்.

"சரியாத்தான்பா படிச்சீங்க."

அவர் தாளை வைத்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"வேலை போனா போயிட்டுப் போகுது மாப்ள. காலையில இருந்து எத்தனை தடவை விரலை மடக்கிப் பார்த்தேன் தெரியுமா? மூணு எது, நாலு எதுன்னு. என் கண்ணை நானே நம்பாம பண்ணிட்டியே."

மேனேஜர் கடிதத்தை எடுத்து நான்காக மடித்து மேசை அறைக்குள் போட்டார். "பெரியவரே, நாளைக்கு எப்பவும் போல வாங்க. உன்கிட்ட நாளைக்குப் பேசிக்கறேன்," என்று முக்குளியிடம் சொன்னார். பிறகு, "டாக்டர்கிட்ட சொன்னியான்னு காலையில நானும் ஒரு வார்த்தைதான் கேட்டேன், அதோட விட்டுட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாலை 5.35.

வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. தெரு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் மௌனமாக இருந்தது. அப்பாவும் மகளும் முன்னால் நடந்தார்கள். இருபதடி பின்னால் அவன் வந்தான். அவர்கள் மெதுவாக நடந்தால் அவனும் மெதுவாக நடந்தான்.

"வராருப்பா," என்றாள்.

"வரட்டும். பேச வேண்டாம். நடந்து வரட்டும்."

வீட்டு வாசலில் இருவரும் நின்றார்கள். காலையில் அவள் பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். சாவி அவன் பையில் இருந்தது. அப்பா பூட்டைப் பார்த்தார். தெருவின் மறுகோடியில் அவன் நின்றுவிட்டிருந்தான், மேலே வரலாமா என்று தெரியாமல்.

அப்பா கையை உயர்த்தினார். வா என்று ஒருமுறை அசைத்தார். பிறகு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, திறப்பதற்காகக் காத்திருந்தார்.